நாற்பது அடிக்கு ஒரு செய்தியோட்டம்

எங்கள் மாட்டாஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவன் வெற்றிலைச் சாறைக் கொஞ்சம் வேகமாகத் துப்பினால் அது அரியலூர் மாவட்டத்தில் போய் விழும். துப்பியவன் பெரம்பலூர் மாவட்டத்தில் நின்றுகொண்டிருப்பான். வடுகமேடு என்கிற எங்கள் ஊரை நடுவில் ஓடும் தார்ச்சாலைதான் இரண்டு மாவட்டமாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. இந்த மாவட்டங்களை ஒருமுறை பிரித்தார்கள், பிறகு சேர்த்தார்கள், பிறகு மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊர் ஜனங்கள் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். மாடுகள் மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. வைத்தியம் வேண்டுமென்றால் சாலையைக் கடந்து வந்தன, முடிந்ததும் கடந்து போயின.

என் பெயர் அய்யம்பெருமாள். அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தவன். மாட்டைப் பிடித்துக் கட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, டாக்டர் லீவு போட்டால் ‘டாக்டர் லீவு’ என்று வருகிறவர்களிடம் சொல்வது, இவைதான் என் வேலை. இதையெல்லாம் கோபத்தில்தான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியைக் கால்நடைச் செய்தியோட்ட முகமை என்ற ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். செய்தியோட்டம் என்றால் என்னவென்று பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பாடம் நடத்தினார்கள். பாடம் நடத்தியது சுவாதி என்கிற பெண். வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த கம்பெனியின் இன்ஜினியர். நல்ல பெண். இந்தக் கதையில் உண்மை பேசிய ஒரே படித்த ஆள் அதுதான், அதனால் அது சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை.

“மாட்டுக்காரங்க போன் பண்றாங்கன்னு வச்சுக்கங்க. அது ஒரு செய்தி. அது ஓட்டத்துல வந்து விழும். யாருக்குப் போகணுமோ அவங்களுக்கு ஒரு செகண்டுல போய்ச் சேரும். சேந்ததும் அவங்க ‘பெற்றேன்’னு ஒரு பட்டன் அமுக்கணும். அமுக்கலைன்னா, செய்தி வழியில தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு அதுவே மறுபடி அனுப்பும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ. அமுக்குற வரைக்கும் விடாது.”

“இதெல்லாம் எங்கம்மா ஓடுது?” என்று கேட்டேன்.

“மும்பையிலண்ணே. ஒரு பெரிய கம்பெனியோட கம்ப்யூட்டருங்க அங்க இருக்கு, நாம வாடகைக்கு எடுத்திருக்கோம். உள்ள கன்டெய்னர்னு சின்னச் சின்னப் பெட்டியா நம்ம வேலை ஓடும். செய்தி ஜாஸ்தியானா பெட்டிய அதுவே கூட்டிக்கும். ஒரு பெட்டி படுத்துட்டா வேற பெட்டிய அதுவே எழுப்பும். நாம ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல.”

“எங்க ஆஸ்பத்திரிக்கு எதுத்த வூட்டு மாட்டுக்கு நோவுன்னாலும் மும்பைக்குப் போயிட்டுதான் வருமா?”

சுவாதி கொஞ்சம் சங்கடப்பட்டது. “ஆமாண்ணே. எதுத்த வூட்டுக்கு நீங்க நேராவே போயிரலாமே.”

அதற்குள் அரியலூர் மேசையின் (முகமையின் மாவட்ட அலுவலகத்தை அப்படித்தான் சொன்னார்கள்) கண்காணிப்பாளர் புவனேஸ்வரி அம்மாள் எழுந்து நின்றார். முப்பத்தொரு வருஷம் சர்வீஸ். “செய்திய எத்தன நகல் எடுப்பீங்க?” என்றார்.

“மூணு மேடம். ஒண்ணு தலைமை நகல். மத்த ரெண்டும் அதைப் பாத்து எழுதிக்கும். மூணும் எழுதியாச்சுன்னு உறுதியானாத்தான் செய்தி மேல நகரும்.”

தூங்கிக்கொண்டிருந்த மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று நகல், ஒன்று தலைமை, மற்றவை பார்த்து எழுதுபவை, எல்லோரும் எழுதி முடிக்கும்வரை எதுவும் நகராது! புவனேஸ்வரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். “முப்பத்தோரு வருஷமா நாங்க இதைத்தானே செய்யறோம். இப்பத்தான் மெஷினுக்குப் புத்தி வந்திருக்கு” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

முகமையின் திட்ட ஒருங்கிணைப்பாளர் அறிவரசன் சார் மட்டும் கை தட்டவில்லை. அவர் கவலையோடு இருந்தார். “அரியலூர் மாவட்டத்து மாட்டோட செய்தி நேரா பெரம்பலூர் மாவட்டத்து டாக்டருக்குப் போகுது. நடுவுல யாரும் பாக்கலை. இது எப்படிச் சரியாகும்? ஒரு வழி, ஒரு முறை வேணாமா?” என்றார். அன்று சாயங்காலமே வழி போட்டுக் கொடுத்துவிட்டார். அரியலூர்ப் பக்கத்து மாட்டின் செய்தி முதலில் அரியலூர் மேசைக்குப் போக வேண்டும், அங்கிருந்து சென்னைத் தலைமையகம், பிறகு பெரம்பலூர் மேசை, கடைசியில் வடுகமேடு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் ‘பெற்றேன்’ அமுக்க வேண்டும். இதற்கு ‘உரிய வழி’ என்று பெயர் வைத்தார்கள். சுவாதி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

கூடவே இரண்டு வசதிகள் செய்து கொடுத்தார்கள். மருந்து அலமாரிக்கு ஒரு மின்சாரப் பூட்டு வந்தது. செய்தி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தால்தான் அது ‘டிக்’ என்று திறக்கும், செய்தி இல்லாமல் மருந்தை எடுத்தால் எதற்கு எடுத்தோம் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். இன்னொன்று, டாக்டரின் போன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் டாக்டர் இருப்பதாகக் கணக்கு. எங்கள் டாக்டர் வினோதினி சின்ன வயசுப் பெண், ஒப்பந்த வேலை. போன் வசதி வந்த வாரமே எதிர்ப்பக்க டீக்கடையில் ஒரு டீ குடித்ததற்கு, ‘முன்அனுமதியின்றி மாவட்டத்தை விட்டு வெளியேறியது’ என்று அவருக்கு மெமோ வந்தது. இன்னொரு மெமோ வந்தால் ஒப்பந்தம் ரத்து. அன்றிலிருந்து டாக்டரம்மாவுக்கு டீயை நான்தான் தூக்குச்சட்டியில் வாங்கி வந்தேன். உதவியாளர்களின் போனுக்கு முகமையில் மதிப்பில்லை.

தொடக்க விழாவை வெள்ளிக்கிழமை வைத்தார்கள். சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறக்கும், அங்கே போய்க் குங்குமம் வாங்கிக்கொண்டு நேராக வரலாம் என்பது அறிவரசன் சார் யோசனை. “வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம் சார், எங்க தொழில்ல வெள்ளிக்கிழமை புதுசா எதையும் ஏத்த மாட்டோம், ஏதாச்சும் ஆனா சனி ஞாயிறு ஆள் இருக்காது” என்று சுவாதி கெஞ்சியது. “வெள்ளிக்கிழமைய விட நல்ல நாள் ஏதும்மா?” என்று சார் சிரித்தார். குங்குமத்தைக் கம்ப்யூட்டருக்கு வைக்க வேண்டும், கம்ப்யூட்டரோ மும்பையில். அதனால் சுவாதியின் மடிக்கணினிக்குச் சந்தனம் குழைத்துப் பூசி வைத்தார்கள். சந்தனம் உள்ளே இறங்கி இரண்டு எழுத்து வேலை செய்யாமல் போயிற்று.

சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு முதல் செய்தி கிளம்பியது.

அனுப்பியது காத்தாயி. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர் வீடு, நான் அடி வைத்து அளந்திருக்கிறேன், நாற்பது அடி. காத்தாயி புருஷன் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டை நடத்துவது காத்தாயியும் அவளுடைய செவலை மாடும்தான். பெண் பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறது, அந்தப் படிப்பே செவலையின் பால்தான். இது இரண்டாம் ஈற்று, முதலில் போட்டது காளைக்கன்று. கிடேரியாகப் போட்டால் இரண்டு மாடாகிவிடும் என்று அவள் மூன்று மாசமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தண்ணிக்குடம் உடைந்து ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, அடுத்தது வரவில்லை. காத்தாயி எல்லோரையும் போல வாசலில் நின்று “டாக்டரம்மா!” என்று கத்தினாள். நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்தோம்.

“போன்ல பதிவு பண்ணு காத்தாயி! இனிமே அப்படித்தான்!” என்று நான்தான் கத்தினேன். அவளும் போனை எடுத்து, பசுவுக்கு ஒன்று, ஈனுவதற்கு நான்கு, அவசரத்துக்கு ஒன்பது என்று அமுக்கினாள். உங்கள் செய்தி ஓட்டத்தில் சேர்ந்துவிட்டது, நன்றி என்று ஒரு பெண் குரல் சொன்னது. நாற்பது அடி தூரத்தில் எங்களுக்கே கேட்டது.

ஒரு செகண்டு ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. அலமாரிப் பூட்டு வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா சுவாதிக்குப் போன் போட்டார். “மும்பையில எல்லாம் நல்லா ஓடுது டாக்டர். செய்தி அரியலூர் மேசையில நிக்குது. அவங்க ‘பெற்றேன்’ அமுக்கலை” என்றது சுவாதி.

நான் புவனேஸ்வரி அம்மாளைக் கூப்பிட்டேன். அப்போது மணி ஒன்பதரை.

“அம்மா, வடுகமேட்டுலேர்ந்து பேசறேன். ஒரு மாடு கன்னு போட முடியாம கெடக்குது. அந்தப் பட்டன மட்டும் அமுக்கிட்டீங்கன்னா…”

“ஏங்க, வாங்கிட்டேன்னு எடுத்த எடுப்புல எப்படிங்க ஒத்துக்கறது? தபால் வந்தா பதிவேட்டுல ஏத்தணும், நம்பர் போடணும், எந்தப் பிரிவுக்குன்னு குறிப்பு எழுதணும். அப்புறந்தான் பெற்றேன். என் சர்வீஸ்ல வாங்கின அன்னைக்கே வாங்கினேன்னு நான் கையெழுத்துப் போட்டதில்ல. போட்டவங்க எல்லாம் இன்னைக்கி பென்ஷன் வராம அலையறாங்க. சும்மா ஒண்ணு ரெண்டுன்னாலும் பரவால்ல, இருபது நிமிஷத்துல நாப்பது மாடு வந்திருக்கு!”

“அம்மா, நாப்பதும் ஒரே மாடும்மா. நீங்க அமுக்கலைன்னுதான் அது திரும்பத் திரும்ப அனுப்புது.”

“ஒரே மாடுன்னு எழுத்துல குடுங்க. இப்ப நாப்பத்தொண்ணு ஆயிருச்சு பாருங்க, போன வைங்க, நம்பர் போடணும்.”

எழுத்தில் கொடுப்பதென்றால் அதுவும் உரிய வழியில்தான் போக வேண்டும்.

பத்து மணிக்கு மாடு படுத்துவிட்டது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் கொட்டகையில் அதன் முதுகும் வயிறும் தெரிந்தன. முக்கும்போது வயிறு இறுகி ஏறுவதும் தெரிந்தது. டாக்டரம்மா வாசற்படியில் நின்று காத்தாயியிடம் கேள்வி கேட்டார், அவள் அங்கிருந்து பதில் சொன்னாள். நடுவில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொரு லாரி போனதும் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

“ஒரு கால் மடங்கிக் கெடக்குதுண்ணே. உள்ள தள்ளி, காலை நிமித்தி, கயிறு போட்டு இழுக்கணும்” என்றார் டாக்டரம்மா. “கயிறு, கையுறை, ஊசி எல்லாம் அலமாரியில.” பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும். கல்விக் கடன் இருக்கிற பெண், எனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு மாடுகளின் எண்ணிக்கை இருநூற்றிருபது ஆயிற்று. அரியலூர் மேசையில் நம்பர் போட இரண்டு பேரைக் கூடுதலாக உட்கார வைத்தார்கள். மும்பையில் பெட்டிகள் தாமாகவே கூடி மூன்றிலிருந்து பதினெட்டாயின. சென்னைத் தலைமையகத்துச் சுவரில் இருக்கிற பெரிய திரையில் தமிழ்நாடே இருட்டாக இருக்க, வடுகமேடு மட்டும் சிவப்பாக எரிந்ததாம். உடனே அறிவரசன் சார் டாக்டரம்மாவை வீடியோவில் கூப்பிட்டார். கூட்டத்தில் ஏற்கெனவே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“டாக்டர், வடுகமேட்டுல கன்று ஈனும் அலை ஒண்ணு வந்திருக்கு. காரணம் என்ன? தீவனமா? தட்பவெப்பமா?”

“சார், ஒரே ஒரு மாடுதான். எதுத்தாப்புலதான் கெடக்கு. இங்கேருந்தே தெரியுது.” டாக்டரம்மா போனைத் திருப்பிச் சாலைக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

“டாக்டர், நீங்க கண்ணால பாத்தத வச்சுப் பேசறீங்க. நாங்க தரவ வச்சுப் பேசறோம். கண்ணுக்கு எப்பவும் ஒண்ணுதான் தெரியும். தரவு இருநூத்தம்பது மாட்டைத் தாண்டிப் போயிட்டிருக்கு. முதல் வேலை நாள்லயே இந்த அளவுக்குப் பயன்பாடு இந்தியாவுல எங்கயுமே இல்ல. கேமராவ மாட்டுப் பக்கம் திருப்பாதீங்க, அது கூட்டத்தோட கவனத்தைச் சிதறடிக்குது.”

“சார், அந்த மாட்டுக்குப் போயிட்டு வர அனுமதி மட்டும் குடுங்க.”

“அனுமதி கேக்கறதும் ஒரு செய்திதானே டாக்டர். ஓட்டத்துல போடுங்க.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தப் பதினோரு பேரும் அலைக்குக் காரணம் பேசினார்கள். ஒருவர், ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு வந்த பஸ்களின் சத்தத்தில் மாடுகள் மிரண்டிருக்கலாம் என்றார். இன்னொருவர், நினைப்பதை விட வேகமாகக் கால்நடைச் செல்வம் பெருகுவதாகவும் இதைப் பத்திரிகைக்குச் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார். டாக்டரம்மா போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியதை எந்தக் கேமராவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் காத்தாயி சாலையைக் கடந்து உள்ளே வந்தாள். புடவையெல்லாம் ரத்தமும் சளியும். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“ஏண்ணே, இந்த ஆஸ்பத்திரி வெறும் கொட்டாயா கெடந்தப்ப என் மாமனாரு கூப்பிட்டாருன்னா நீதான் மொதல்ல ஓடி வருவ. இப்ப நான் காலையிலேர்ந்து கத்தறேன். ஒன் செய்தி பம்பாய்க்குப் போயிட்டு வருதாம், சந்தோசம். என் மாடு எங்கயும் போவல. அங்கதான் கெடக்குது. அது முக்கறத நிறுத்திருச்சுண்ணே.”

எனக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கதவுக்குப் பின்னால் கடப்பாரை சாத்தியிருந்தது. எடுத்து அலமாரியின் இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். மின்சாரப் பூட்டு அத்தனை அலட்டலுக்கும் சோப்பு டப்பா மாதிரி கழன்று விழுந்தது.

டாக்டரம்மா எழுந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை அப்படியே, கேமரா காலி நாற்காலியைப் பார்த்தபடி, மேசையில் விட்டுவிட்டுக் கயிற்றையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஓடினார். போன் பெரம்பலூர் மாவட்டத்தில் பணியில் இருந்தது. டாக்டர் மட்டும் அரியலூருக்குப் போனார்.

அரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ! தோள்பட்டை வரை கையை விட்டு, மூச்சைப் பிடித்து, மடங்கின காலை நிமிர்த்திக் கொண்டுவந்தார். நானும் காத்தாயியும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. கிடேரி. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. டாக்டரம்மா அதன் மூக்கைத் துடைத்தார், வாயில் விரலை விட்டுச் சளியை எடுத்தார், தலைகீழாகத் தூக்கி உலுக்கச் சொன்னார், வைக்கோலால் விலாவைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். “போதும்ணே” என்று அவர் சொன்ன பிறகும் தேய்த்தேன்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா…” என்று டாக்டரம்மா ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். செவலை பிழைத்தது. எழுந்திருக்கச் சாயங்காலமாகும் என்றார். அது படுத்தபடியே கழுத்தை நீட்டிச் செத்த கன்றை நக்கிக்கொண்டிருந்தது, காத்தாயி அதைத் தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அறிவரசன் சார் காரில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு வேனில் பேனர், மாலை, போட்டோகிராபர். பேனரில் ‘செய்தியோட்டத்தால் சிகிச்சை பெற்ற எழுநூறு பசுக்கள்’ என்று அடித்திருந்தார்கள். இறங்கியதும் சாலையை மேலும் கீழும் பார்த்தார்.

“மத்த மாடெல்லாம் எங்கங்க?”

“இதான் சார் எல்லாம்” என்று செவலையைக் காட்டினேன்.

சார் பேனரை மாட்டுக்குப் பின்னால் நெருக்கமாகக் கட்டச் சொன்னார். போட்டோவில் ஒரு மாடுதானே விழும், மற்றது வெளியே இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள் என்றார். கூடியிருந்த ஒன்பது பேருக்கு மைக் இல்லாமலே பேசினார்.

“பெரியோர்களே, இந்தத் திட்டத்தோட வெற்றி என்ன தெரியுமா? இன்னைக்கி இவ்வளவு நெருக்கடியிலயும் ஒரே ஒரு செய்திகூடத் தொலையல. ஒரு பெட்டி படுத்துச்சு, அடுத்த நொடியே வேற பெட்டி எழுந்துச்சு. ஒவ்வொரு செய்திக்கும் மூணு நகல். இழப்பு பூஜ்யம்! பழைய காலத்துல ஒரு அம்மா வாசல்ல நின்னு கத்துவாங்க. காத்துல போயிரும். யார் கத்தினாங்க, எப்பக் கத்தினாங்க, ஒரு ஆதாரம் இருக்குமா? இன்னைக்கி இந்த அம்மா கத்தினது ஒவ்வொண்ணும் மும்பையில பத்திரமா இருக்கு. யாராலயும் அழிக்க முடியாது. அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

“கன்னுக்குட்டி செத்துப்போச்சுங்க” என்றாள் காத்தாயி.

சார் கையிலிருந்த திரையைத் தடவிப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார், அதை மறுக்க மாட்டேன். “அப்படி ஒரு செய்தி எங்களுக்கு வரலியேம்மா. இறப்புக்குத் தனி ஓட்டம் இருக்கு. போன்ல ஆறு அமுக்கிப் பதிவு பண்ணீங்கன்னா அரியலூர் மேசைக்குப் போயிரும்.”

காத்தாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னால் போய்க் குழி வெட்டினேன். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அரியலூர் மேசையைப் பூட்டியபோது ஆயிரத்து முப்பதாவது நம்பர் போட்டு முடித்திருந்தார்களாம். பிறகு சுவாதிதான் யாரையும் கேட்காமல், செய்தி திரும்பத் திரும்பப் போவதைக் கையால் நிறுத்தியது. அதற்காக அதன் கம்பெனி அதை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது.

விசாரணை நடந்தது. கடப்பாரை அரசுடையதா, என் சொந்தமா என்று ஏழு மாதம் கேட்டார்கள். டாக்டரம்மா அன்று முழுக்க ஒரு அடி நகராமல் பணியில் இருந்ததாகப் போன் சாட்சி சொன்னதால் அவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. சான்றிதழும் கொடுத்தார்கள். ‘இழப்பு பூஜ்யம்’ என்று முகமைக்கு எங்கோ ஒரு விருது கிடைத்தது. ஒரே மாடு ஆயிரம் மாடாகிற கோளாறையும் நிபுணர் குழு வைத்துச் சரிசெய்தார்கள். இனி ஒரு ஆள் ஒரு மாட்டுக்கு ஒரு கோரிக்கையை ஒரு தடவைதான் வைக்க முடியும். இரண்டாம் தடவை அதே கோரிக்கை வந்தால் நகல் என்று தள்ளிவிடும்.

பதினான்கு மாதம் போயிற்று. நான் ஓய்வு பெறும் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. மாலை, பொன்னாடை எல்லாம் மாவட்ட ஆபீசில் சாயங்காலம் ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று காலையில் செவலைக்கு மறுபடி வலி கண்டது. காத்தாயி விதிப்படி ஒன்று, நான்கு, ஒன்பது என்று அமுக்கினாள். இந்தப் பசு ஏற்கெனவே ஈன்றுவிட்டது, உங்கள் கோரிக்கை நகல் என அறியப்படுகிறது, நன்றி என்றது அதே பெண் குரல். காத்தாயி போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து, “டாக்டரம்மா!” என்று ஒரு கத்து கத்தினாள்.

டாக்டரம்மா போனை மேசையில் வைத்தார். சாலையைக் கடந்தார். நான் அவருக்கு முன்னாலேயே கடந்துவிட்டேன். கயிறும் கையுறையும் ஊசியும் போன வருஷத்திலிருந்தே காத்தாயி கொட்டகையில் ஒரு சிமெண்ட் சாக்கில் சுற்றி உத்தரத்தில் தொங்கின. இருபது நிமிஷத்தில் கன்று விழுந்தது. கிடேரி. விழுந்த வேகத்தில் தலையை உதறிக் கத்தியது. காத்தாயி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். போன தடவை அழாததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். டாக்டரம்மாவும் அழுதார், சிரித்தார், முகத்தைத் துடைக்கப் போய் முகமெல்லாம் சளியைப் பூசிக்கொண்டார்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்து சாவிக்கொத்தைக் கவருக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக மாட்டியிருந்த பூட்டு ‘டிக்’ என்று திறந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

*மிக அவசரம். காத்தாயி, வடுகமேடு. பசு ஈன முடியாமல் தவிக்கிறது. உடனே செல்லவும்.*

தேதியைப் பார்த்தேன். போன வருஷத்துத் திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. அரியலூர் பெற்றது, சென்னை பெற்றது, பெரம்பலூர் பெற்றது, எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். முகமை சொன்னது பொய்யில்லை, செய்தி தொலையவே இல்லை.

‘பெற்றேன்’ அமுக்கினேன். அடுத்த கேள்வி வந்தது. *கன்றின் நிலை: உயிருடன் உள்ளது / இல்லை.*

எதிரில் புதுக் கன்று நான்கு காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. உயிருடன் உள்ளது என்று அமுக்கினால் கோப்பு முடிந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதி, யாரும் எதையும் சரிபார்க்கப் போவதில்லை. நான் ‘இல்லை’யை அமுக்கினேன். *காரணம், நாற்பது எழுத்துக்குள்* என்று ஒரு கட்டம் திறந்தது.

முகமை என்று எழுதலாம். உரிய வழி என்று எழுதலாம். புவனேஸ்வரி அம்மாள், அறிவரசன் சார், மும்பை, எல்லாமே நாற்பது எழுத்துக்குள் அடங்கும். ஆனால் அந்தக் கடப்பாரை பன்னிரண்டே காலுக்குத் திடீரென்று முளைத்து வரவில்லை. ஒன்பது பத்துக்கும் அது கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருந்தது. போனில் பதிவு பண்ணு என்று முதலில் கத்தியவனும் நான்தான். இருபத்தொன்பது வருஷம் மாடு பிடித்த எனக்கு அந்த ஒற்றைக் காலைப் பார்த்ததுமே தெரியும். தெரிந்தும் மூன்று மணி நேரம் ஒரு பூட்டு திறக்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோபமெல்லாம் அவன் மேல்தான்.

‘நாங்கள் காத்திருந்தோம்’ என்று எழுதி அனுப்பினேன்.

*தங்கள் பதில் உரிய வழியில் அனுப்பப்பட்டுள்ளது. ‘பெற்றேன்’ வரும்வரை காத்திருக்கவும்* என்றது திரை.

விளக்கை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். காத்தாயி சீம்பால் காய்ச்சி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.